பொன்னியின் செல்வன் இடங்களைப் படம் பிடிக்கப் போகிறவர்களுக்கு

கேள்வி இதுதான்: கல்லடிப் பக்கத்து நண்பர்கள் சிலர் கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலின் ஐந்து பாகத்தையும் வாசித்து முடித்துவிட்டு, கதை நடந்த இடங்களைப் பற்றிய காணொளிகளைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றும் மனதுக்குப் பிடிக்கவில்லை. அந்தக் குறை ஏன் வருகிறது, ஈழத்தில் நடக்கும் பகுதியை நாங்களே மட்டக்களப்பிலிருந்து போய் எடுப்பதென்றால் எப்படி எடுக்கலாம் என்று கேட்கிறார்கள்.

முதலில் குறை எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அந்தக் காணொளிகளை எடுத்தவர்களில் பெரும்பாலானோர் ஊரின் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகிறார்கள். வரைபடத்தில் 'கோடிக்கரை' என்று தட்டுகிறார்கள், வண்டியை நிறுத்துகிறார்கள், "இதுதான் படகுக்காரி பூங்குழலி நின்ற இடம்" என்கிறார்கள். கல்கி ஊர்ப் பெயரை மட்டும் எழுதவில்லை. எந்த மாதம், பொழுது சாய்ந்ததா இல்லையா, காற்று எந்தத் திசையிலிருந்து, ஆள் எந்தப் பக்கமாக வருகிறான், அவன் கண்ணில் முதலில் எது படுகிறது என்று எழுதினார். வாசித்தவன் மனதில் நிற்பது அதுதான். அதை விட்டுவிட்டு மத்தியான வெயிலில் பெயர்ப்பலகையைக் காட்டினால் ஏமாற்றம் வராமல் என்ன செய்யும்?

கதையின் தொடக்கத்தையே எடுங்கள். ஆடிப் பெருக்கு நாள், மாலை நேரம், வீரநாராயண ஏரிக்கரை, குதிரையில் கதாநாயகன் வந்தியத்தேவன். இன்றைய வீராணம் ஏரிதான் அது. ஆடி 18 ஓகஸ்ட் 2 அல்லது 3 அளவில் வரும். மேட்டூர் அணையை வழமையாக யூன் 12இல் திறப்பார்கள். அந்தத் தண்ணீர் கொள்ளிடத்துக் கீழணைக்கு வந்து, வடவாறு வழியாக ஏரிக்குள் இறங்க வேண்டும். மேட்டூர் பிந்தித் திறந்த வருடத்தில் ஆடியிலும் ஏரி குறைவாகத்தான் கிடக்கும். ஏப்ரல், மே விடுமுறையில் போய் எடுத்தவர்கள் வறண்ட தரையைக் காட்டி "கல்கி மிகைப்படுத்திவிட்டார்" என்று சொல்வது அநியாயம். கரை ஏரிக்குக் கிழக்கே இருக்கிறது. ஆகவே தெற்கே காட்டுமன்னார்கோயில் பக்கம் போகிறவனுக்குத் தண்ணீர் வலக்கைப் பக்கம், மாலைச் சூரியன் தண்ணீருக்கு மேலே. இந்த ஒரு கோணத்தைப் பிடித்தாலே முதல் அத்தியாயத்தில் பாதி வந்துவிடும். காலையில் எடுத்தால் வெளிச்சம் முதுகுப் பக்கத்திலிருந்து வந்து, தண்ணீர் தட்டையாகச் சாம்பல் நிறத்தில் தெரியும்.

இரண்டாவது பெரிய குறை காலக் குழப்பம். கதை நடப்பது சுந்தர சோழரின் கடைசிக் காலத்தில், ஏறக்குறைய 970ஐ ஒட்டி. கதையில் இளவரசர் அருள்மொழிவர்மராக வரும் இராசராசன் அரியணை ஏறியது 985இல். தஞ்சைப் பெரிய கோயில் நிறைவு பெற்றது 1010இல். அப்படியிருக்க, தஞ்சாவூர்க் காணொளி ஒவ்வொன்றும் பெரிய கோயில் விமானத்தில்தான் தொடங்குகிறது. வந்தியத்தேவன் தஞ்சைக்குள் நுழைந்த அன்று அங்கே அந்தக் கோயில் இல்லை. தஞ்சாவூரில் இன்று நிற்கும் அரண்மனை நாயக்கர், மராட்டியர் காலத்தது; பழுவேட்டரையரின் நிலவறை என்று அதைக் காட்டுவது பொய். கடம்பூர் மாளிகைக்குச் சுவடு எதுவும் கிடையாது. அங்கே இருப்பது தேர் வடிவில் அமைந்த அழகான சிவன் கோயில், அதுவும் முதலாம் குலோத்துங்கன் காலத்தது. நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரையைத் தேடிப் போகிறவர்களுக்கும் பார்க்க எதுவும் மிஞ்சவில்லை; அங்கே கடைசியாக நின்ற பழைய பௌத்தக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது. ஆனைமங்கலச் செப்பேடு சொல்லும் சூளாமணி விகாரையும் இராசராசன் காலத்தில் எழுந்ததுதான், ஆகவே கல்கி அதைக் கதைக்காக முன்னுக்கு இழுத்திருக்கிறார். நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. படம் எடுக்கிறவர் அதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இத்தனைக்கும், கதையோடு நேரே தொடர்புள்ள உண்மையான சான்று ஒன்று கண்முன்னே இருக்கும்போது அதைப் பலர் கடந்து போகிறார்கள். காட்டுமன்னார்கோயிலை ஒட்டிய உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. இராசராசனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களும் உறவினரும் வைத்திருந்த நிலங்களைப் பறித்த செய்தியைச் சொல்கிறது. நாவலில் வரும் இரவிதாசன் இந்தக் கல்லிலிருந்து எழுந்து வந்தவன். அங்கே போய் அந்த எழுத்துகளைக் கிட்டத்தில், பக்கவாட்டு வெளிச்சத்தில் நிதானமாகக் காட்டினால் எந்தக் கிராபிக்சும் வேண்டாம். போகிற சிலரோ கல்வெட்டை இரண்டு வினாடி காட்டிவிட்டு "உண்மைக் கொலையாளி யார்?" என்று பெரிய எழுத்தில் தலைப்பு வைக்கிறார்கள். கல்வெட்டில் இல்லாத தீர்ப்பை அதன் தலையில் கட்டக்கூடாது.

மணிரத்னத்தின் படங்கள் 2022இலும் 2023இலும் வந்த பிறகு இன்னொரு கோளாறு சேர்ந்துகொண்டது. அந்தப் படங்களின் காட்சிகள் பலவும் தாய்லாந்திலும் மத்தியப் பிரதேசத்திலும் எடுக்கப்பட்டவை. அந்தக் கோட்டையும் அந்தக் காடும் மனதில் பதிந்தவர் கோடிக்கரைக்குப் போனால் பற்றைக் காடும் உப்பு வெளியும்தான் காண்பார். ஆனால் கல்கி எழுதியது அந்தக் கோடிக்கரையைத்தான். சேற்றுப் பள்ளம் வரும் அத்தியாயத்தை ஒக்ரோபர் மழைக்குப் பிறகு அங்கே நின்று வாசித்தால், கால் எங்கே புதையும் என்பது சொல்லாமலே விளங்கும். யூன், யூலையில் அதே நிலம் வெடித்துக் காய்ந்திருக்கும். பூங்குழலியின் தந்தை தியாகவிடங்கர் காத்த கலங்கரை விளக்கம் என்று இன்றைய வெள்ளைக் கோபுரத்தைக் காட்டுகிறார்கள். அது நவீன காலத்தது. சோழர் காலத்தது என்று சொல்லப்பட்ட பழைய இடிபாடு 2004 சுனாமியில் போய்விட்டது. அந்தக் கடல் அன்று என்ன செய்தது என்று நமது கரையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

இனி ஈழப் பகுதி. இதைத்தான் நீங்கள் எடுக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இரண்டு நாளில் ஓடிப் பார்த்துவிட்டுப் போகிற பகுதி இதுதான். இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' பெரும்பாலும் கடலும் ஈழமுமாக விரிகிறது. மாதோட்டம், காட்டுப் பாதை, தம்பள்ளை (இன்றைய தம்புள்ளை), அநுராதபுரம், பிறகு வடகரையில் தொண்டைமானாறு.

மட்டக்களப்பிலிருந்து புறப்படும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது பொலன்னறுவை. நூறு கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உதயதேவி ரயிலில் ஏறினாலும் போகலாம். பொலன்னறுவை நிலையம் கதுருவெலவில் இருப்பதால் இடிபாடுகளுக்கு இன்னும் நாலு கிலோமீற்றர் முச்சக்கரவண்டியில் போக வேண்டும். ஆனால் இந்த நாவலுக்காக என்றால் பொலன்னறுவையில் தொடங்காதீர்கள். அங்கே நீங்கள் காணும் வட்டதாகே, கல்விகாரை எல்லாம் 12ஆம் நூற்றாண்டை ஒட்டியவை, கதைக்கு ஏறக்குறைய 200 வருடம் பிந்தியவை. அங்கே நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையதான வானவன்மாதேவி ஈசுவரம் சோழர் கட்டியதே. சிங்களத்தில் இரண்டாம் சிவ தேவாலயம் என்பார்கள். சோழ அரசி ஒருவரின் பெயரைத் தாங்கியது, கல்லால் கட்டியது, இன்றும் உள்ளே விளக்கேற்றுகிறார்கள். ஆனால் சோழப் படை இராசராசன் ஆட்சியில், 993ஐ ஒட்டி அநுராதபுரத்தை அழித்துப் பொலன்னறுவையைத் தலைநகராக்கிய பிறகு எழுந்தது அது. "அருள்மொழிவர்மர் இளவரசராக இங்கே வழிபட்டார்" என்று அதன் வாசலில் நின்று சொல்கிற காணொளிகள் தவறு. பொலன்னறுவையைக் கடைசியில், 'கதை முடிந்த பிறகு நடந்தது' என்று தனிப் பகுதியாக வையுங்கள். அப்படி வைத்தால் அது மிக வலுவாக நிற்கும்: நாவலில் சிங்காதனம் வேண்டாம் என்று சொன்ன அதே இளவரசன், அரசனானதும் படையனுப்பி இந்தத் தீவைப் பிடிக்கிறான். இந்த முரணைத் தொட்ட காணொளி மிக அரிது. இதோடு திருகோணமலைப் பக்கத்து வெல்கம் விகாரையையும் சேர்க்கலாம். சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டுகளில் அது இராசராசப் பெரும்பள்ளி.

பயணத்தை மன்னாரில் தொடங்குவது நல்லது, ஏனென்றால் வந்தியத்தேவன் போன வரிசை அதுதான். திருக்கேதீச்சரத்தை அடுத்த மாந்தை மேடுதான் பழைய மாதோட்டத் துறைமுக நகரம். பார்க்கப் பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. மண்மேட்டில் நடக்கும்போது காலடியில் ஓட்டுத் துண்டுகள் கிடக்கும். தொடாமல், எடுக்காமல், கிட்டத்தில் மட்டும் படம் பிடியுங்கள். தொல்பொருள் நிலத்தில் ஒரு துண்டை எடுத்துக் கையில் காட்டினாலும் சட்டப்படி வம்புதான். கோயில் கட்டடம் புதியது. பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் 16ஆம் நூற்றாண்டில் இடித்தார்கள். ஆகவே கோபுரத்தைவிடப் பாலாவிக் கரையை எடுங்கள்.

அங்கிருந்து மதவாச்சிக்குப் போகும் ஏ14 வீதியில் முருங்கனுக்கும் மடு வீதிக்கும் இடைப்பட்ட பகுதி 'காட்டுப் பாதை' அத்தியாயத்துக்குப் பொருந்தும். கட்டுக்கரைக் குளமும் பக்கத்தில்தான். ஓடும் வாகனத்தின் கண்ணாடி வழியாக எடுத்தால் காடு பச்சைக் கோடாகத்தான் ஓடும். வாகனத்தை நிறுத்தி, கமராவை இடுப்பு உயரத்தில் பிடித்து, வீதியோரமாக நடந்தபடி முப்பது வினாடி எடுங்கள். யானை நடமாட்டம் உள்ள இடம். காட்டுக்குள் இறங்க வேண்டாம், மாலை ஐந்துக்குப் பிறகு நிற்கவும் வேண்டாம். திரும்பி வரும்போது வெலிக்கந்தைக்கும் புணானைக்கும் நடுவே இரவுப் பயணத்துக்கும் இதே எச்சரிக்கை.

அநுராதபுரம்தான் இதன் உயிர். இங்கே எல்லோரும் விடும் பிழை, பகலில் எடுப்பது. நாவலின் பெரிய அநுராதபுரக் காட்சிகள் இரவில் நடக்கின்றன: ஊர்வலம் போகும் வீதி, பிக்குகள் இளவரசனுக்குச் சிங்காதனம் கொடுக்க முன்வரும் கூட்டம், ஊமை ராணி அழைத்துப்போய்க் காட்டும் சித்திரங்கள். காலை பதினொரு மணி வெயிலில் குடைபிடித்தபடி ருவன்வெலிசாய என்ற பெரிய தூபியைக் காட்டிவிட்டு அந்தச் சிங்காதனக் காட்சியைப் பற்றிப் பேசினால் எப்படி ஒட்டும்? ருவன்வெலிசாயவுக்கும் மகாபோதி அரசமரத்துக்கும் இரவில் பக்தர்கள் போய் வருகிறார்கள், நீங்களும் போகலாம்.

நாளைத் தெரிவு செய்வதில் ஒரு கணக்கு இருக்கிறது. போயா என்ற முழுநிலவு நாளில் சந்திரன் சூரியன் மறையும் நேரத்தில்தான் எழும்பும், சனமும் நிறைந்திருக்கும். பொசன் போயா என்றால் அநுராதபுரத்தில் கால் வைக்க இடமிராது. போயாவுக்கு இரண்டு நாள் முந்திப் போங்கள். சந்திரன் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் பிந்தி எழுவதால், அன்று நாலரை மணியளவிலேயே எழுந்து இரவு எட்டு மணிக்கு நன்றாக உயர்ந்திருக்கும். வெளிச்சம் முழுநிலவைவிடக் குறைவானாலும் போதும், சனமோ மிகக் குறைவு. மழைக்காலமான நவம்பர் முதல் சனவரி வரை இந்தத் திட்டத்தைத் தவிருங்கள், முகில் கெடுத்துவிடும்.

போனை அதன் போக்கில் விட்டு எடுத்தால் அது கறுத்த வானத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். மின்விளக்கில் நிற்கும் வெள்ளைத் தூபி எரிந்து, வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். கையால் அமைக்கும் முறைக்கு மாற்றி, வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் 1/50, ஐஎஸ்ஓ 1600க்கு மேல் போகாமல், தூபியின் வெள்ளையில் கோடுகள் தெரியும்வரை வெளிச்சத்தைக் குறையுங்கள். வானம் கறுப்பாகவே இருக்கட்டும், இரவு கறுப்புத்தானே. வெண்சமநிலையை 4000 கெல்வினில் பூட்டிவிடுங்கள்; பூட்டாவிட்டால் நீங்கள் திரும்பும்போதெல்லாம் படம் மஞ்சளும் நீலமுமாக மாறும். இரவில் நடந்துகொண்டு எடுக்காதீர்கள், படம் குழம்பும். ஓர் இடத்தில் நின்று, ஒவ்வொரு காட்சியையும் பத்து வினாடியாவது அசையாமல் பிடியுங்கள். முக்காலி கொண்டுபோனால் வாயிலில் கேட்டுவிட்டே விரியுங்கள்.

ருவன்வெலிசாயவைச் சுற்றி நிற்கும் யானை மதிலை எல்லோரும் காட்டுவார்கள், நீங்களும் காட்டலாம். ஆனால் இன்று காணும் வெள்ளைத் தூபி 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் திருத்தி எழுப்பிய வடிவம் என்பதைச் சொல்லுங்கள். பூச்சில்லாத பழைய செங்கல் உடலைக் காட்ட வேண்டுமானால் சேதவனாராமயவுக்குப் போங்கள். மாலை ஐந்தரைக்கு அந்தச் செங்கல் சிவக்கும்போது வந்தியத்தேவன் தலையை நிமிர்த்தி மலைத்தது விளங்கும். ஆள் ஒருவர் அடியில் நிற்கிற மாதிரி ஒரு காட்சி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பருமன் தெரியாது. சித்திர அத்தியாயத்துக்குச் சிகிரியா ஓவியங்களை ஒட்டுகிறார்கள் சிலர். வேண்டாம். அவை கதையின் சித்திரங்களும் அல்ல, அந்த ஓவியங்களைப் படம் பிடிக்கத் தடையும் உண்டு. சுவரில் விழும் தீவட்டி வெளிச்சத்தை மட்டும் வைத்து, பகுதியை வாசித்தால் போதும்.

ஒழுங்குகளில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று கமராவைப் பார்த்துப் பேசக்கூடாது. அது அங்குள்ளவர்களுக்குப் பெரிய அவமதிப்பு, காவலர் உடனே நிறுத்துவார். சிலை உள்ள இடத்தில் பக்கவாட்டில் நில்லுங்கள், அல்லது பேச்சைப் பிறகு குரலாகச் சேருங்கள். செருப்பும் தொப்பியும் வெளியே. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். பகலில் கல் சுடும், காலுறை கொண்டுபோங்கள். ட்ரோன் பறக்கவிடச் சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் அனுமதி வேண்டும், புராதன இடமென்றால் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியும் வேண்டும். உங்களுக்கு ட்ரோன் தேவையே இல்லை என்பது என் எண்ணம். கதையில் எவரும் வானத்திலிருந்து பார்க்கவில்லை.

தொண்டைமானாற்று முகத்துவாரத்தில் இப்போது தடுப்பணை இருக்கிறது. கப்பல் நின்ற துறையாக அது தோன்றாது. அணையை மறைத்துக் கோணம் தேடாமல், அணையையும் காட்டி, உப்புநீர் உள்ளே வராமல் தடுக்கவே கட்டியது என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கடல் பக்கம் திரும்புங்கள். கடல் வழியை எடுக்க ஆசையென்றால் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் இருக்கிறது. 2023 ஒக்ரோபரில் தொடங்கி, நின்று, 2024 ஓகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. வாடைக்காலத்தில் நிற்கும், முதலில் விசாரியுங்கள். நாகப்பட்டினத்தில் இறங்கினால் வேதாரணியம் வழியாகக் கோடிக்கரை.

மட்டக்களப்பார் மட்டும் தரக்கூடிய ஒன்றும் உண்டு. இரண்டாம் பாகத்தில் 'ஏலேல சிங்கன்' கூத்து என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. இதற்கு எல்லோரும் எங்கோ எடுத்த நடனத் துண்டைப் போடுகிறார்கள். உங்கள் ஊரில் கூத்து இன்னும் களரியில் நிற்கிறது. கூத்துப் பழக்கும் ஓர் அண்ணாவியாரிடம் போய், அத்தியாயத்தை வாசித்துக் காட்டி, வட்டக் களரியில் பத்து நிமிடம் ஆடித் தரக் கேளுங்கள். சல்லரி என்ற கைத்தாளத்தின் ஓசை போன் மைக்கில் கீச்சென்று வெடிக்கும். ஆகவே மைக்கை மத்தளக்காரருக்குப் பின்னால், ஆறு ஏழு அடி தள்ளி வையுங்கள். ஒலிமட்டம் உச்சத்தைத் தொடாமல் பாதியைக் கொஞ்சம் தாண்டி நின்றால் போதும். காலில் கட்டிய சதங்கையைக் கிட்டத்தில் தனியாக ஒருமுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடுவது வடமோடிக் கூத்தானாலும் தென்மோடிக் கூத்தானாலும், இது கதையில் வரும் கூத்தின் வடிவம் என்று சொல்லாதீர்கள், நமது கரையின் கூத்து என்றே எழுத்தில் போடுங்கள். ஆடினவர்களுக்குக் கூலி கொடுங்கள், பெயரும் போடுங்கள்.

நாவலிலிருந்து வாசித்துக் காட்டலாமா என்ற பயம் வேண்டாம். கல்கி 1954 டிசம்பரில் மறைந்தார். தமிழ்நாட்டில் அவர் நூல்கள் நாட்டுடைமை ஆகிவிட்டன. இலங்கையில் ஆசிரியர் மறைந்து 70 வருடம் வரைதான் உரிமை, அதுவும் 2024ஓடு முடிந்தது. ஆனால் படத்தின் பாட்டையும் பின்னணி இசையையும் தொடாதீர்கள், அந்த உரிமை உயிரோடு இருக்கிறது, காணொளியையே தூக்கிவிடுவார்கள். வாசிக்கும் குரலை வீட்டில், மெத்தையும் துணியும் உள்ள சிறிய அறையில், மின்விசிறியை நிறுத்திப் பதியுங்கள். உங்கள் சொந்தத் தமிழில் பேசுங்கள். சென்னைத் தொனியைப் பிடிக்கப் போனால் மட்டக்களப்பாருக்கும் ஒட்டாது, சென்னைக்காரருக்கும் ஒட்டாது.

புறப்படுமுன் ஒரு கொப்பியில், எடுக்கப்போகும் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் நேரம், மாதம், ஆள் வரும் திசை, முதலில் காண்பது, கேட்பது என்று ஐந்தையும் குறியுங்கள். எதிர்ப்பக்கத்தில் அந்த இடத்தில் 970இல் இருந்தவை, பிறகு வந்தவை, அழிந்தவை. இந்த இரண்டு பக்கமும் நிரம்பாத அத்தியாயத்தை எடுக்காதீர்கள். நிரம்பியவற்றை மூன்று நாளில் எடுக்கலாம்: முதல் நாள் மன்னாரும் காட்டுப் பாதையும், மாலையில் சேதவனாராமயவும் இரவு அநுராதபுரமும், இரண்டாம் நாள் தம்புள்ளை, அபரணையில் தங்கல், மூன்றாம் நாள் காலை பொலன்னறுவை, மாலைக்குள் மன்னம்பிட்டி தாண்டி வீடு. தொண்டைமானாறும் கூத்தும் வேறு நாள்களுக்கு. ஒவ்வொரு காட்சியின் கீழும் அத்தியாயத் தலைப்பும் எடுத்த திகதியும் நேரமும் இருக்கட்டும், புத்தகத்தை மடியில் வைத்துப் பார்க்கிறவருக்கு அது உதவும்.